பூசை விடுமுறைக்கு மதுரை வர்றீங்களா? பஸ் கேள்விகளுக்கு ஒரு பழைய கண்டக்டரின் பதில்கள்

ஆயுத பூசை, விஜயதசமி, ஒட்டினாப்ல சனி ஞாயிறு. மீனாட்சி கோயில்ல நவராத்திரி கொலு வேற. ஊரே இங்க வந்து எறங்கும். நான் டவுன் பஸ், வெளியூர் பஸ் ரெண்டுலயும் சீட்டுக் கிழிச்சு ஓய்வு பெற்றவன். பஸ்ஸைப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க.

கேள்வி (திருப்பூர்): அண்ணே, பெரியவங்க, குழந்தைங்கன்னு அஞ்சு பேர் வர்றோம். மாட்டுத்தாவணியில எறங்கி கோயிலுக்கு எப்படிப் போறது?

தம்பி, திருப்பூர் வண்டி மாட்டுத்தாவணிக்கு வராது. ஆரப்பாளையம்தான் வரும். மதுரைக்கு வர்ற எல்லாருக்கும் நான் முதல்ல சொல்றது இதுதான்: எந்த பஸ் ஸ்டாண்டுன்னு தெரிஞ்சுக்கிட்டு வீட்டை விட்டுக் கிளம்புங்க. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம், திண்டுக்கல், பழனி, தேனி, கொடைக்கானல் எல்லாம் ஆரப்பாளையம். சென்னை, திருச்சி, தஞ்சாவூர், திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமேஸ்வரம் எல்லாம் மாட்டுத்தாவணி. ஒண்ணு ஊருக்கு மேற்கே, இன்னொண்ணு வடகிழக்கே. பண்டிகை நாள்ல தப்பான ஸ்டாண்டுக்குப் போயிட்டா, கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டி அடுத்ததுக்கு வர்றதுக்குள்ள உங்க வண்டி ஊரைத் தாண்டியிருக்கும்.

ஆரப்பாளையத்துல இருந்து டவுன் பஸ்ல பெரியார் ஸ்டாண்டுக்கு வாங்க, கிட்டதான். அங்க எறங்கி டவுன் ஹால் ரோடு பக்கமா நடந்தா மேலக் கோபுரம் தெரியும். நடக்கவே முடியாத பெரியவங்க இருந்தா மட்டும் ஆட்டோ பிடிங்க. சித்திரை வீதிக்குள்ள வண்டி விடமாட்டாங்க, அதனால கடைசித் தூரம் எப்படியும் நடைதான். மத்தியானம் பன்னிரண்டரை வாக்குல நடை சாத்தினா நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. அந்த நேரத்துல போய் வெயில்ல குழந்தைகளை நிறுத்தாதீங்க. செல்போன் உள்ள கொண்டு போக முடியாது, முன்கூட்டியே யோசிச்சு வையுங்க.

கேள்வி (தாம்பரம்): ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சென்னைக்குத் திரும்பணும். ரிசர்வ் பண்ணல. ஸ்பெஷல் பஸ் நிறைய விடுவாங்கல்ல, கிடைச்சிடுமா?

கிடைக்கும். எப்ப கிடைக்கும்கிறதுதான் விஷயம். ஸ்பெஷல் வண்டின்னா எங்கயோ சும்மா நிக்கிற வண்டியைக் கொண்டாந்து விடுறது இல்ல. சென்னையில இருந்து ஆளை ஏத்திக்கிட்டு வர்ற வண்டிதான் திரும்பிப் போகணும். கிட்டத்தட்ட 460 கிலோமீட்டர். செங்கல்பட்டு பக்கம் ரெண்டு மணி நேரம் மாட்டினா, இங்க ரெண்டு மணி நேரம் லேட்டா வரும். டிரைவர் சாப்பிட்டுக் கண் அசரணும். இல்லன்னா ராத்திரி ரோட்டுல உங்க உயிரும் அவர் உயிரும் போகும். அதனால ஆறு மணிக்கு வரவேண்டியது ஒன்பதரைக்கு வரும். கூட்டம் ஆறு மணிக்கே நிக்கும். அதான் சண்டை.

நான் சொல்றதைக் கேளுங்க. ஒண்ணு, ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு முன்னாடியே ஏறிடுங்க. சென்னையில நடுராத்திரிக்குள்ள எறங்கிடலாம். இல்ல, திங்கக்கிழமை ஒரு நாள் லீவு போட்டுட்டு காலையில போங்க. ரெண்டும் முடியாதுன்னா நேரா சென்னை வண்டிக்குக் காத்துக் கிடக்காம, திருச்சி வண்டியில ஏறி அங்க மாறுங்க. திருச்சிக்கு வண்டி வந்துக்கிட்டே இருக்கும். ஆனா கைக்குழந்தை இருந்தா இந்த யோசனை வேண்டாம், ராத்திரியில மாறி ஏறுறது கஷ்டம். தாம்பரத்துக்காரங்களுக்கு ஒரு சௌகரியம்: வண்டியெல்லாம் இப்ப கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டோட நின்னுடுது, உங்களுக்கு வீடு கிட்ட.

கேள்வி (ராஜபாளையம்): அண்ணாச்சி, பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ஸெல்லாம் ஃப்ரீதானே? நாங்க மதுரைக்காரங்க இல்லையே, கேப்பாங்களா?

எந்த ஊருன்னு யாரும் கேக்க மாட்டாங்க தாயி. 2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல எல்லாப் பெண்களுக்கும் காசு கிடையாது. திருநங்கைகளுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் அவங்க கூட வர்ற துணைக்கும் உண்டு. சொகுசு வண்டிக்கும் வெளியூர் வண்டிக்கும் இது பொருந்தாது. ஏறும்போதே போர்டைப் பாருங்க, சந்தேகம்னா கண்டக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. காசு இல்லாட்டியும் டிக்கெட் உண்டு, அதைக் கேட்டு வாங்கிக் கையில வச்சுக்கோங்க. கூட வர்ற ஆம்பளைங்க சில்லறை வச்சுக்கணும். நெரிசல்ல ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினா கண்டக்டர் எங்க போவார்?

கேள்வி (காரைக்குடி): நல்ல ஜிகர்தண்டா எங்க கிடைக்கும்?

விளக்குத்தூண் பக்கம் போங்க. அடுத்து பஸ் கேள்வி கேளுங்க.

கேள்வி (ஈரோடு): ஈரோடு பஸ் மாட்டுத்தாவணியில எந்த பிளாட்பாரம்?

ஆரப்பாளையம். மேல எழுதியிருக்கேன்.

கேள்வி (மேலூர்): கூட்டமா இருந்தா படியில நின்னுதான் வரமுடியும். எல்லாரும் நிக்கத்தானே செய்றாங்க. கம்பியை நல்லாப் பிடிச்சா என்ன ஆகப்போகுது?

தம்பி, இதை நிதானமாப் படி. நம்ம ஊர் பஸ்ல படி இருக்கிறது இடப்பக்கம். வண்டி வலப்பக்கம் திரும்பும்போது உன் உடம்பு இடப்பக்கம் போகும். அதாவது வாசல் வழியா வெளிய. அப்ப உன்னைப் பிடிச்சு நிறுத்துறது உன் ரெண்டு கை மட்டும்தான். அந்தக் கையில ஒண்ணுல செல்போனோ பையோ இருக்கும். உனக்கு மேல படியில நிக்கிற நாலு பேர் பாரமும் உன் மேலதான் சாயும்.

பின்படி இன்னும் மோசம். பின் சக்கரத்துக்குப் பின்னாடி வண்டியோட வால் நீண்டிருக்கு பார், வண்டி வலப்பக்கம் வெட்டித் திரும்புறப்ப அந்த வால் இடப்பக்கம் வீசும். ரோட்டோரம் நிக்கிற மின்கம்பமும் பைக்கும் திடீர்னு உன் முதுகுக்குக் கிட்ட வரும். டிரைவருக்கு அது தெரியாது, அவர் முன்னாடி பார்த்துத் திருப்பிக்கிட்டு இருப்பார்.

விழுந்த பையன்களைத் தூக்கியிருக்கேன். அவங்க அம்மாமாருக்குப் பதில் சொல்ல முடியாம நின்னிருக்கேன். அடுத்த வண்டி பத்து நிமிஷத்துல வரும். வராட்டியும் நில்லு.

கேள்வி (திண்டுக்கல்): ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கிறது காலங்காலமா நடக்குது. துண்டு போட்டிருந்தும் ஒருத்தர் எடுத்துப் போட்டுட்டு உக்காந்துட்டார். இது நியாயமா?

ரிசர்வ் இல்லாத வண்டியில துண்டுக்கு எந்த உரிமையும் இல்ல. உக்காந்த ஆளுக்குத்தான் இடம். துண்டை மரியாதையா எடுத்து உங்க கையில கொடுத்திருக்கணும், தூக்கிப் போட்டது தப்பு. ஆனா எழுந்திருக்கச் சொல்ல உங்களுக்கு வழி இல்ல.

அதே திண்டுக்கல்: அதெப்படி அண்ணே? எங்க அப்பாவுக்கு மூட்டுவலி. அவரால முண்டியடிச்சு ஏறமுடியாது. அவருக்காகத்தான் போட்டேன். முண்டியடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் சீட்டுன்னா வயசானவங்க என்ன செய்வாங்க?

இடையில் விருதுநகர்: திண்டுக்கல்காரர் சொல்றது சரி. துண்டு ஒரு நாகரிகம். எங்க ஊர்ல துண்டு கிடந்தா யாரும் தொடமாட்டாங்க.

இடையில் திருமங்கலம்: ஒரு ஆள் நாலு துண்டு போட்டு வச்சுட்டு, கடைசியில ஒரே ஆள் ஏறி காலை நீட்டிப் படுத்துக்கிறதையும் பார்த்திருக்கோம். கைக்குழந்தையோட நான் நின்னுக்கிட்டே திருநெல்வேலி வரைக்கும் போனேன்.

மூணு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன். நீங்க நியாயம் அநியாயம் பேசுறீங்க. எனக்கு அதை விடப் பெரிய கவலை சக்கரம்.

துண்டு எப்பப் போடுறாங்க? வண்டி நின்ன பிறகு இல்ல. பிளாட்பாரத்துக்குத் திரும்புறப்பவே கூட ஓடி, எம்பி, ஜன்னல்ல கைவிட்டுப் போடுறாங்க. பெரிய வண்டி திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்துல பின்சக்கரம் போகாது. உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். முன்சக்கரம் உங்களைத் தாண்டிப் போயிடுச்சேன்னு நினைச்சு பக்கத்துல ஓடுறீங்க, பின்சக்கரம் உங்க கால் இருக்கிற இடத்துக்கே வருது. பண்டிகைக் கூட்டத்துல பின்னாடி இருந்து ஒரு தள்ளு போதும். ஒரு சீட்டுக்காக அப்படி ஓடுற ஆளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயித்தைப் பிசையும்.

மூட்டுவலி அப்பாவுக்கு வழி இருக்கு. வண்டி முழுசா நிக்கட்டும். எறங்குறவங்க எறங்கட்டும். அதுக்கு முன்னாடியே கண்டக்டர்கிட்டயோ, ஸ்டாண்டுல வண்டி நேரம் குறிக்கிற டைம் கீப்பர்கிட்டயோ போய், “பெரியவர் நிக்கமுடியாது, முதல்ல ஏத்தி விடுங்க”ன்னு கேளுங்க. கேட்டவங்களை நாங்க ஏத்தி விட்டிருக்கோம், இன்னிக்கும் ஏத்தி விடுறவங்க இருக்காங்க. அப்பாவை உக்கார வைங்க, நீங்க நில்லுங்க. அது நடக்காத கூட்டம்னா அந்த வண்டியை விட்டுடுங்க. திண்டுக்கல்லுக்கு ஆரப்பாளையத்துல வண்டிக்குப் பஞ்சமே இல்ல, மூணாவது வண்டியில நிம்மதியா உக்காரலாம்.

விருதுநகர்: அப்போ துண்டே போடக்கூடாதுங்கிறீங்களா?

உள்ள ஏறி, நீங்க ஒரு சீட்டுல உக்காந்து, பக்கத்துச் சீட்டுல உங்க வீட்டுக்காரம்மா வர்ற வரைக்கும் பையை வைக்கிறது, அது எல்லாரும் ஒத்துக்கிற விஷயம். அவங்க கண்ணுக்குத் தெரியுற தூரத்துல இருக்கணும், ஒரு ஆளுக்கு ஒரு பை. வண்டி கிளம்பியும் ஆள் வரலன்னா நிக்கிறவங்களுக்கு விடணும். திருமங்கலத்து அம்மா மாதிரி கைக்குழந்தையோட யாரும் நின்னா, யார் துண்டா இருந்தாலும் எடுத்துட்டு அவங்களை உக்கார வைப்பேன், அதுல எனக்குத் தயக்கமே கிடையாது. அம்மா, அப்படி நின்னா வாய்விட்டுக் கேளுங்க. கூட்டத்துல கண்டக்டர் பின்னாடி இருப்பார், பார்த்திருக்கவே மாட்டார்.

துண்டுப் பேச்சு இதோட போதும். இன்னும் பத்துப் பேர் இதையே எழுதியிருக்கீங்க. பதில் இதுதான்.

கேள்வி (கோவை): மதுரையில இருந்து கோவைக்கு எந்த ஸ்டாண்ட்?

ஆரப்பாளையம். ஐயா, அம்மா, எல்லாரும் முதல் பதிலைப் படிச்சுட்டுக் கேளுங்க.

கேள்வி (மயிலாடுதுறை): ரயில்ல தட்கல் கிடைக்குமா?

ரயில் கிளம்புறதுக்கு முந்தின நாள் காலையில ஏசிக்குப் பத்து மணி, மத்ததுக்குப் பதினோரு மணி திறக்கும். கிடைக்குமாங்கிறதை ரயில்காரங்களைக் கேளுங்க.

கேள்வி (சிவகாசி): ரெண்டாம் நாள் கொடைக்கானல் போறோம். இ-பாஸ் பஸ்ஸுக்கும் வேணுமா? பையன் மலையில வாந்தி எடுப்பான்.

அரசு பஸ்ல போறவங்களுக்கு இ-பாஸ் வேண்டாம், சொந்த வண்டி, வாடகை வண்டிக்குத்தான். ஆரப்பாளையத்துல காலையில சீக்கிரமா ஏறுங்க, வெயில் ஏற ஏற வத்தலக்குண்டுக்கு மேல மலை ரோடு கார்களால அடைச்சுக்கும். பையனைப் பின்சீட்டுல உக்கார வைக்காதீங்க, அங்கதான் தூக்கிப் போடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல ஜன்னலோரம் உக்கார வைச்சு, செல்போனைப் பிடுங்கிட்டு தூரத்துல மலையைப் பார்க்கச் சொல்லுங்க. வயிறு முட்டச் சாப்பாடும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): அழகர்கோவில் டவுன் பஸ்லயே போயிடலாமா?

போகலாம், இருபது கிலோமீட்டர் சொச்சம். பெரியார்ல ஏறுங்க, நடு ஸ்டாப்புல நின்னா இந்த நாலு நாளும் உக்கார இடம் கிடைக்காது. எறங்கும்போது கையில பூ, பழம் பையைத் தொங்கவிடாதீங்க, குரங்கு பறிச்சுக்கும். திரும்புற கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு எறங்கும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க. அங்க மலை மேல இருக்கிற பழமுதிர்சோலையில இருட்டினப்புறம் தவிச்ச குடும்பங்களை நான் பார்த்திருக்கேன்.

கேள்வி (பரமக்குடி): நேத்து டவுன் பஸ்ல குழந்தையோட மருந்துப் பையை விட்டுட்டேன் அண்ணே. கிடைக்குமா?

முதல்ல மருந்துக் கடைக்குப் போய்க் குழந்தைக்கு இன்னிக்கு வேண்டிய மருந்தை வாங்கும்மா, பை அப்புறம். டிக்கெட் இருந்தா எந்த வண்டி, எந்த டிரிப்புன்னு கண்டுபிடிச்சிடலாம். கண்டக்டர் கண்ணுல பட்டிருந்தா டெப்போவுல ஒப்படைச்சிருப்பார். எறங்கின ஸ்டாண்டுல டைம் கீப்பர் ரூமுக்குப் போய், டிக்கெட்டைக் காட்டி, அந்த வண்டி எந்த டெப்போன்னு கேளு. டிக்கெட்டைத் தூக்கிப் போட்டிருந்தா ஏறின இடம், நேரம், எந்த ஊர் போர்டு, இந்த மூணையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போ. பூசைக்கு வண்டி கழுவுற நாள்ல சீட்டுக்கு அடியில கிடக்கிறதெல்லாம் வெளிய வரும், அதனால நாளைக்கும் ஒரு தடவை போய்க் கேளு.