மனைப் பத்திரத்தை உள்ளே வையுங்கள்

ஐயா,

கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று உங்கள் மனைவியிடம் சொல்லி அனுப்பினேன். ஆறுதல் அவ்வளவுதான். இனி எழுதப் போவதெல்லாம் உங்களோடு வாதாடத்தான்.

உங்கள் மகள் நீட்டில் தகுதி மதிப்பெண் எடுத்திருக்கிறாள். அரசு இடத்துக்கு அது போதாது. வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து லட்சம் முன்பணம் கொடுத்தால் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்பிபிஎஸ் சீட்டைப் பிடித்து வைப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். "மனையை வித்துடு, டாக்டர் ஆனா ரெண்டே வருஷத்துல எடுத்துடலாம்" என்கிறார் உங்கள் மைத்துனர். மனை அவருடையது இல்லை என்பதால் அவரால் இவ்வளவு தைரியமாகப் பேச முடிகிறது.

முதலில் ஏஜென்ட். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் எம்பிபிஎஸ் இடங்கள் மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்தும் ஆன்லைன் கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு மாநிலத் தேர்வுக்குழு இருக்கிறது. சீட்டைப் பிடித்து வைக்க எந்தத் தனி ஆளாலும் முடியாது. அந்த ஐந்து லட்சம் போனால் போனதுதான்.

சரி, முறைப்படியே இடம் கிடைக்கிறது என்று வையுங்கள். பல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணமே இருபது லட்சத்துக்கு மேல். விடுதி, புத்தகம் எல்லாம் சேர்த்தால் படிப்பு முடிவதற்குள் ஒரு கோடியைத் தாண்டிவிடும். அதன்பிறகு மேற்படிப்புக்கு இன்னொரு நுழைவுத் தேர்வு, இன்னொரு செலவு. பையன் இப்போதுதான் ஒன்பதாவது. அவனுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

2025இல் நீட் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கு மேல். நாடு முழுவதும் அரசு, தனியார் எல்லாம் சேர்த்தே எம்பிபிஎஸ் இடங்கள் ஒன்றேகால் லட்சத்தை ஒட்டித்தான். ஆக, பற்றாக்குறை நிஜம். அதை நான் மறுக்கவில்லை. மனதை விசாலமாக வைத்தால் எல்லாம் தேடி வரும் என்று மேடையில் பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. நான் சொல்வது வேறு. ஒரே ஒரு படிப்பின் இடங்களை எண்ணிவிட்டு, மகளின் வாழ்க்கையில் இருப்பதே அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

கைக்குப் போதாதே என்ற இந்தப் பயம் யாருடைய மூளையையும் சுருக்கிவிடும். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அறுவடைக்கு முன்பு, கையில் காசு இல்லாத நேரத்தில், யோசித்து விடை சொல்லும் சோதனைகளில் அவர்கள் தடுமாறினார்கள். அறுவடை முடிந்து பணம் வந்தபிறகு அதே ஆட்கள் கணிசமாக நன்றாகச் செய்தார்கள். ஏஜென்ட் வெள்ளிக்கிழமை என்று கெடு வைப்பது எதற்கு என்று இப்போது புரிகிறதா? பதற்றத்தில் இருப்பவர் கணக்குப் போட மாட்டார்.

இனி உங்கள் மகள். அவளிடம் தனியாகப் பேசினேன். அப்பாவிடம் சொல்லலாமா என்று கேட்டேன், "சொல்லுங்க சார்" என்றாள். ஆஸ்பத்திரி வேலையில் அவளுக்கு நாட்டமில்லை. உயிரியல் பிடிக்கும், மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது என்கிறாள். இரண்டாம் முறை நீட் எழுதியது உங்களுக்காக.

நர்சிங், பார்மசி, பிசியோதெரபி பற்றி உறவினர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், நான் திரும்பச் சொல்லவில்லை. யாரும் சொல்லாத ஒன்று: பி.எஃப்.எஸ்சி, அதாவது மீன்வள அறிவியல். நான்கு ஆண்டு தொழில்முறைப் படிப்பு. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. தூத்துக்குடி கல்லூரி 1977 முதல் இருக்கிறது. பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் கல்லூரிகள் உண்டு. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுக் கல்லூரிக் கட்டணம். ஏஜென்ட் கேட்கும் முன்பணத்திலேயே நான்கு வருடத்தையும் முடித்துவிடலாம்.

மீன் பிடிக்கப் போகிறாளா என்று மைத்துனர் சிரிப்பார். சிரிக்கட்டும். இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி 2023-24இல் 60,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் மூன்றில் இரண்டு பங்கு உறைய வைத்த இறால். பெரும்பாலும் வன்னாமெய் என்ற இனம். 2009இல்தான் இங்கே வளர்க்க அனுமதி கிடைத்தது. முட்டையிடுவதற்கான அதன் தாய் இறால்கள் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் நோய் சோதனை முடிந்த பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்குப் போகும். மரக்காணம் பக்கம் ஈசிஆர் ஓரமாகப் போனால் அந்தப் பொரிப்பகங்களைப் பார்க்கலாம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குஞ்சை நாள்தோறும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எந்தப் பருவத்தில் இருக்கிறது, குடலில் தீனி இருக்கிறதா, நோய்க்கு அறிகுறி உண்டா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். பண்ணையில் விடியற்காலை குளத்துத் தண்ணீரின் ஆக்சிஜனை அளக்க வேண்டும், குளத்தில் இறக்கி வைத்த செக் ட்ரே என்ற தட்டைத் தூக்கி மிச்சத் தீனியைப் பார்க்க வேண்டும். வெள்ளைப்புள்ளி என்ற வைரஸ் நோய் புகுந்தால் ஒரு குளமே சில நாளில் காலி. அதை, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் முன்கூட்டியே பிடிக்கும் லேப் வேலை உங்கள் மகளுக்கென்றே இருப்பது மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

படித்தபின் தனியார் பொரிப்பகம், தீவன நிறுவனம், பதப்படுத்தும் ஆலையின் தரக்கட்டுப்பாடு என்று போகலாம். மாநில மீன்வளத் துறைப் பணிகளுக்குத் தேர்வு எழுதலாம். பொதுத்துறை வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வுக்கும் இந்தப் பட்டம் செல்லும். மேலே படிக்க மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. பண்ணைகள் ஊருக்கு வெளியே இருக்கும், ராத்திரி வேலை உண்டு, பெண்களை எடுக்கத் தயங்கும் முதலாளிகளும் உண்டு. 2025இல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இறால் தொழில் ஆடிப்போனது. ஆனால் இந்தச் சங்கடங்கள் எதற்கும் மனையை விற்க வேண்டியதில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஏஜென்ட் போனை எடுக்காதீர்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் கடைசித் தேதியைப் பார்த்து விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு நாள் மகளைப் பொன்னேரிக்கு அழைத்துப் போய் அங்கே படிக்கும் பெண்களிடம் அவளையே பேச விடுங்கள். பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் வேறு பார்ப்போம், நானும் வற்புறுத்த மாட்டேன். மைத்துனர் கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.