டோர்னியோ ஏன் ஸ்வீடன் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் தெற்கில் எல்லை டோர்னியோ ஆறு. ஆனால் டோர்னியோ என்ற பின்லாந்து ஊரின் மையம், ஆற்றின் பெரிய கிளைக்கு மேற்கே, ஸ்வீடன் கரையோடு சேர்ந்து கிடக்கிறது. ஏன் இப்படி?

காரணம் ‘நிலம் எழுதல்’. பனியூழியில் அங்கே 2, 3 கி.மீ. தடிமனுக்குப் பனிக்கட்டி படிந்திருந்தது. அந்தப் பாரத்தில் தரை அமுங்கியது. பனி உருகி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகியும் தரை இன்னும் மேலெழுகிறது, ஆண்டுக்குச் சுமார் 8 மி.மீ. இலவம்பஞ்சு மெத்தையில் உட்கார்ந்தவர் எழுந்த பிறகு பள்ளம் மெல்ல நிமிருமே, அதே கதைதான். மெத்தைக்குச் சில நிமிடம், பூமிக்குப் பல்லாயிரம் ஆண்டு.

1621-இல் ஸ்வீடன் அரசர் இந்த ஊரை நிறுவியபோது இது சுவென்சாரி என்ற தீவு. நிலம் உயர உயர மேற்குக் கால்வாய் தூர்ந்து, தீவு ஸ்வீடன் கரையோடு ஒட்டியது. 1809-இல் போரில் தோற்ற ஸ்வீடன் பின்லாந்தை ரஷ்யாவிடம் இழந்தது. எல்லை ஆற்றின் வழியே போனாலும், வணிகம் செழித்த டோர்னியோவை ரஷ்யா விடவில்லை. கோடு ஊருக்கு மேற்கே வளைந்தது. ஸ்வீடன் அப்புறம் பக்கத்திலேயே ஹபராண்டாவை எழுப்பிக்கொண்டது. இரண்டு ஊருக்கும் இடையே இன்று நடந்தே போகலாம். கடிகாரத்தில்தான் ஒரு மணி நேர வித்தியாசம்!

சரி, ஆறு சேரும் கடல் வற்றுவதால்தான் அங்கே கடற்கரை விலகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வற்றவில்லை, தரைதான் உயர்கிறது.