கோலாலம்பூரில் இலக்கிய, இசை வினாடி வினா: சண்டை வராமல் கேள்வி எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பதினாறு பேர் மாதம் ஒருமுறை கூடி இலக்கிய, இசை வினாடி வினா ஆட நினைக்கிறோம். எப்படித் தயாரிப்பது?

ஆட்டம் வாக்குவாதத்தில் முடிந்தால், பெரும்பாலும் பிழை கேள்வியில்தான் இருக்கும். ‘தமிழ் வாழ்த்தை எழுதியவர் யார்?’ என்று இங்கே கேட்டுப் பாருங்கள். ஓர் அணி மனோன்மணீயம் சுந்தரனார் என்று எழுதும். அடுத்த அணி சீனி நைனா முகம்மது என்று எழுதும், ஏனென்றால் மலேசிய நிகழ்ச்சிகளில் கேட்டுப் பழகியது அவருடைய ‘காப்பியனை ஈன்றவளே’. இரண்டு அணிக்கும் மதிப்பெண் தர வேண்டியதுதான். ‘தமிழ்நாட்டு அரசு விழாக்களில் பாடும்’ என்று முன்னால் சேர்த்திருந்தால் பிரச்சினையே இல்லை.

பாரதியார் மறைந்த தேதியைக் கேட்காதீர்கள். நள்ளிரவு தாண்டியதால் செப்டம்பர் 11 என்பாரும் உண்டு, 12 என்பாரும் உண்டு. 1921 என்ற ஆண்டைக் கேட்டால் போதும். ‘முதல்’ என்று தொடங்கும் கேள்விகளும் ஆபத்து. ‘முதல் தமிழ் நாவல் எது?’ என்பதைவிட, ‘1879இல் அச்சான பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் யார்?’ என்பது பாதுகாப்பானது.

பதில் தெரியாதவரும் யோசித்துப் பிடிக்கக்கூடிய கேள்விதான் நல்ல கேள்வி. ‘முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்த அதே ஆண்டு, ஐ.நா. சபையில் பாடிய கர்நாடக இசைக் கலைஞர் யார்?’ மாநாடு 1966 ஏப்ரலில் நடந்தது என்று ஒருவருக்குத் தெரியும், எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா.வில் பாடினார் என்று இன்னொருவருக்குத் தெரியும். இருவரும் பேசினால்தான் விடை உறுதியாகும். இன்னொன்று, மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களின் வரிசையிலிருந்து: ‘மேசகல்யாணி 65ஆவது மேளகர்த்தா. அதில் மத்தியமத்தை மட்டும் சுத்த மத்தியமமாக மாற்றினால் எத்தனையாவது மேளம்?’ மத்தியமம் என்ற ‘ம’ ஸ்வரத்தில் இரண்டு வகை: முதல் 36 மேளங்களில் சுத்த மத்தியமம், அடுத்த 36இல் பிரதி மத்தியமம் என்பது நினைவிருந்தால் போதும். 65இல் 36 போக 29, சங்கராபரணம். இசையின் ஆரம்பப் பாடமான சரளி வரிசைகூடப் பாடாதவரும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்! ஆனால் சினிமாப் பாட்டின் ராகத்தைக் கேட்காதீர்கள். பல பாடல்களில் அந்த ராகத்தில் இல்லாத அன்னிய ஸ்வரம் கலந்திருக்கும், விவாதம் முடியாது.

பாட்டுச் சுற்றுக்கு மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) சரிப்படாது. பந்து விளையாட்டு ஓடும் டிவிச் சத்தத்தில் முன்னிசை கேட்காது. வீட்டுக் கூடமே நல்லது. பத்துப் பாடல்கள், பல்லவி தொடங்கும் முன் வரும் முன்னிசை மட்டும். 5 விநாடியில் சொன்னால் 3 மதிப்பெண், 10 விநாடியில் 2, 15 விநாடியில் 1. புளூடூத் ஸ்பீக்கர் சும்மா இருந்துவிட்டு விழிக்கும்போது முதல் விநாடியை விழுங்கிவிடும், அடையாளமே அந்த ஒரு விநாடியில்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் 2 விநாடி மௌனம் சேர்த்து வெட்டுங்கள். கோப்புக்கு ‘01’, ‘02’ என்று பெயர் மாற்றினாலும் உள்ளே பதிந்திருக்கும் பாட்டுப் பெயர் டிவித் திரையில் எட்டிப் பார்க்கும். அதையும் அழித்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இசையமைப்பாளர் பெயர் கேட்டால், இருவரில் ஒருவரை மட்டும் எழுதினால் அரை மதிப்பெண் என்ற விதியை முன்பே சொல்லிவிடுங்கள். 1964இல் வந்த ‘கர்ணன்’ பாட்டுக்கு ‘எம்.எஸ்.வி.’ என்று மட்டும் எழுதுவார்கள். அது விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து இசையமைத்தது.

நான்கு பேர் கொண்ட நான்கு அணி, 30 கேள்வி, ஒன்றரை மணி நேரம். ஒவ்வோர் அணியிலும் ஒரு மூத்தவரும் ஓர் இளையவரும் இருக்கட்டும். மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்தவர்கள் தமிழை வேகமாக வாசிக்கச் சிரமப்படலாம். ஆகவே திரையில் காட்டாமல் இருமுறை வாசியுங்கள், பதிலை ரூமியில் (ரோமன் எழுத்தில்) எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். மணி அடிக்கும் முறை வேண்டாம், வேகமாகக் கை நீட்டும் ஒருவரே ஆடுவார். தாளில் எழுதி, அணிகள் மாற்றித் திருத்தட்டும். முதல் கேள்வி எல்லாருக்கும் எட்டுவதாக இருக்கட்டும்: ‘1929இல் பினாங்கில் பிறந்து, மலாய்த் திரையில் நடித்து, பாடி, இசையமைத்து, இயக்கியவர் யார்?’ பி. ரம்லி என்று நான்கு அணியினரும் ஒரே நேரத்தில் எழுதுவார்கள், தயக்கம் போய்விடும்.

சமநிலை வந்தால் ஒரு பாட்டை முழுதாக ஓடவிட்டு, அதன் நீளம் எத்தனை விநாடி என்று எழுதச் சொல்லுங்கள். கைப்பேசியும் கடிகாரமும் மேசைக்கு அடியில். ஒரே பாட்டு வெவ்வேறு பதிப்பில் வெவ்வேறு நீளம் இருக்கும் என்பதால், நீங்கள் ஓட்டிய கோப்பு காட்டும் நீளம்தான் விடை என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். அதற்கு நெருங்கிய எண்ணை எழுதிய அணிக்கு வெற்றி.