சொந்த வீடு, கர்த்தருடைய பூமி

கேள்வி: எங்கள் வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கடனை அண்மையில் அடைத்து முடித்தோம். ‘எல்லாம் கர்த்தருடையது’ என்றால், உழைத்துச் சேர்த்தது எனக்குச் சொந்தமில்லையா?
– வாசகர், ஈசூன்

பதில்: சொந்தம்தான், ஒருவருக்கு உரியதென ஒன்று இருந்தால்தானே ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்ற கட்டளைக்கே பொருள் உண்டு? ஆனால் அந்த உரிமை அறுதியானதல்ல. பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது என்கிறது வேதாகமத்தின் 24ஆம் சங்கீதம். லேவியராகமம் 25ஆம் அதிகாரம் இதை நிலச் சட்டமாகவே வகுக்கிறது: தேசம் கடவுளுடையது, மக்கள் அவரிடத்தில் தங்கியிருக்கும் புறக்குடிகள் என்பதால் நிலத்தை அறுதியாக விற்கக் கூடாது; 50ஆம் ஆண்டில் அது பழைய குடும்பத்துக்கே திரும்பும் என்பதால், அதுவரை எஞ்சியுள்ள விளைச்சல் ஆண்டுகளை எண்ணியே விலை பேச வேண்டும். 99 ஆண்டுக் குத்தகையில் மிச்சக் காலத்தைப் பார்த்து வீவக வீடு வாங்கும் நமக்கு இது எளிதில் விளங்கும்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் மனிதனுக்குத் தரும் ஆளுகையைக் காட்டி இயற்கையைச் சுரண்டுவதை நியாயப்படுத்துவோர், ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவுமே அவன் அங்கு வைக்கப்பட்டான் என்று சொல்லும் அடுத்த அதிகாரத்தை ஏனோ புரட்டுவதில்லை. லேவியராகமச் சட்டப்படி ஏழாம் ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வு உண்டு. வயலோரக் கதிர்கள் ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியவை.

ஆகவே, வருமானத்தில் பத்தில் ஒன்றைக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டால் மீதி ஒன்பதும் நம் இஷ்டம் என்பது, என் பார்வையில், தப்புக் கணக்கு. ஆளில்லாத அறையில் ஓடும் குளிர்சாதனமும், ஆராதனைக்குப் பின் பரிமாறி மிஞ்சிக் குப்பைக்குப் போகும் பிரியாணியும், வீட்டுப் பணிப்பெண்ணுக்கு நாம் கொடுக்கும் அல்லது கொடுக்க மறுக்கும் ஓய்வுநாளும் அந்த ஒன்பதுக்குள்தான் வருகின்றன.