ஜீப்பை உயர்த்தினால் பிரேக் ஹோஸ் எட்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் பழைய மஹிந்திரா சிஜே 3பி ஜீப் இருக்கிறது. புது ஸ்பிரிங், நீள ஷாக் அப்சார்பர் போட்டு 3 அங்குலம் உயர்த்தினோம். ஜாக்கியில் தூக்கினால் பின் ஆக்ஸிலுக்குப் போகும் பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறது. ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் அளவுக்கு பிரஸ் செய்து தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா? நீளம் எவ்வளவு வைக்க வேண்டும்? (கோத்தகிரி வாசகர்)

பதில்: முதலில், ஹோஸை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள். அந்தக் கால ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு ஹோஸ் அறுந்தால் பெடல் அப்படியே தரைக்குப் போகும், நான்கு சக்கரமும் பிடிக்காது. கை பிரேக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிப்பதுதான். மலை இறக்கத்தில் அதை நம்பி ஓட்ட முடியாது.

ஜேசிபி, டிராக்டருக்கு பிரஸ் செய்யும் ஹோஸ் கண்டிப்பாக வேண்டாம். அது எவ்வளவு அழுத்தம் தாங்கினாலும் சரி. சிக்கல் ரப்பரில் இருக்கிறது. அந்த ரப்பர் மினரல் ஆயிலுக்காகச் செய்தது. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. அது பட்டால் அந்த உள் ரப்பர் ஊறி உப்பி, துவாரத்தை அடைத்துவிடும். பிரேக்குக்கான ஹோஸின் உள் ரப்பர் ஈபிடிஎம், அதாவது பிரேக் ஆயிலைத் தாங்கும் செயற்கை ரப்பர். ஹோஸின் மேலேயே எஸ்ஏஈ ஜே1401 என்று, பிரேக் ஹோஸுக்கான தர எண் அச்சிட்டிருக்கும். அந்த எழுத்து இல்லாத ஹோஸை வாங்காதீர்கள்.

எத்தனை ஹோஸ் மாற்ற வேண்டும் என்பதையும் பாருங்கள். ஆக்ஸில் மேல் டீ ஜாயின்ட் (T வடிவ இணைப்பு) இருந்து, அங்கிருந்து இரும்புக் குழாய் இரு சக்கரத்துக்கும் பிரிந்தால், சேஸிஸிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் ஹோஸ் மட்டுமே நீள வேண்டும்: முன்னே ஒன்று, பின்னே ஒன்று. முன் சக்கரத்தருகே இருக்கும் இரண்டு சின்ன ஹோஸும் ஆக்ஸிலோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் பழைய நீளமே போதும். சேஸிஸிலிருந்து நேராகச் சக்கரத்துக்கே ஹோஸ் போகும் வண்டி என்றால் முன்னால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

'3 அங்குலம் தூக்கினோம், 3 அங்குலம் கூட்டினால் போதும்' என்று கணக்குப் போடக் கூடாது. நீள ஷாக் போட்டதால் ஆக்ஸில் முன்பைவிட இன்னும் கீழே தொங்கும். சேஸிஸில் ஸ்டாண்ட் கொடுத்து, ஷாக் முழுதாக நீளும்வரை ஆக்ஸிலைத் தொங்க விடுங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியால் மேலே தள்ளிப் பாருங்கள். ஆக்ஸில் சாய்ந்து நிற்கும்போது ஹோஸ் இன்னும் நீளம் கேட்கும். அந்த நிலையில் பிராக்கெட்டிலிருந்து டீ வரை, இயல்பான வளைவோடு ஒரு ஒயரைப் பிடித்து அளந்து, 30 முதல் 40 மில்லிமீட்டர் கூட்டுங்கள். அதற்கு மேல் நீளம் வைத்தால், ஆக்ஸில் மேலே ஏறும்போது ஹோஸ் சைலன்சர் குழாயிலோ ஸ்பிரிங்கிலோ உரசும்.

கடைக்குப் போகும்போது பழைய ஹோஸையும் குழாயின் நட்டையும் கையில் கொண்டு போங்கள். மரையை வெர்னியரில் அளக்காமல் புது ஹோஸ் வாங்காதீர்கள். வில்லிஸ் வழி வந்த ஜீப்பில் 3/16 அங்குலக் குழாய்க்கு 3/8 அங்குல நட், அங்குலத்துக்கு 24 மரை. விட்டம் சுமார் 9.5 மில்லிமீட்டர். பிற்கால வண்டிகளில் எம்10, பிட்ச் 1 (விட்டம் 10 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர்). அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 3/8 நட் எம்10 துளையில் லொடலொடவென்று ஏறிவிடும், பிடித்தது போலவும் இருக்கும். பெடலை ஓங்கி மிதித்தால் பிடுங்கிக்கொள்ளும். குழாய் முனையின் ஃபிளேரும் (விரித்த வாய்) ஒரே வகையாக இருக்க வேண்டும். டபுள் ஃபிளேரும் பபிள் ஃபிளேரும் ஒன்றோடொன்று சேராது.

மாட்டும் வரிசை முக்கியம். ஆண் மரை முனையைப் புது காப்பர் வாஷரோடு முதலில் டீயில் இறுக்குங்கள், ஏனென்றால் அதை இறுக்கும்போது ஹோஸ் முழுதும் சுற்றும். அதன் பிறகே மறு முனையை பிராக்கெட்டில் நுழைத்து, கிளிப் அடித்து, அந்த முனையை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு குழாய் நட்டை முடுக்குங்கள். ஹோஸ் நெடுக ஓடும் கோடு முறுக்கேறாமல் நேராக இருக்க வேண்டும். கோடு சுற்றிக்கொண்டு போனால் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

கேள்வி: நீள ஹோஸ் கிடைக்காவிட்டால் நடுவில் யூனியன் (இணைப்புத் துண்டு) போட்டு இரண்டு ஹோஸை இணைக்கலாமா?

பதில்: கூடாது. அந்தரத்தில் தொங்கும் யூனியன் ஒவ்வொரு குலுக்கலிலும் ஆடும். அதன் எடை, ஹோஸில் முனையை நெரித்துப் பிடித்த (கிரிம்ப் செய்த) இடத்தை உடைக்கும். உயர்த்தியது 2 அங்குலத்துக்குள் என்றால், சேஸிஸ் பிராக்கெட்டைக் கீழே இறக்கி போல்ட்டில் பிடித்து, இரும்புக் குழாயை மெல்ல வளைத்துக் கொண்டுவரலாம். குழாய் துருப்பிடித்திருந்தால் வளைக்காமல் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: உயர்த்திய ஜீப்புக்கு ஆர்டிஓ அலுவலகத்தில் சிக்கல் வருமா?

பதில்: வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எஃப்சிக்கு (தகுதிச் சான்று) முன் உங்கள் ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹோஸ் மாற்றி, பிரேக் குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்ற இரண்டு முறை ஏர் எடுத்தும் பெடல் பஞ்சு போல அமுங்குகிறது. ஏன்?

பதில்: சிஜே 3பியில் மாஸ்டர் சிலிண்டர் கால் வைக்கும் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. அதன் ஆயில் கிண்ணம் சிறியது, ஆயில் வற்றுவதும் கண்ணில் படாது. வற்றியதும் மறுபடி காற்றை இழுத்துக்கொள்ளும். பெடலை ஐந்தாறு முறை மிதித்ததும் ஒருமுறை ஊற்றுங்கள். 1 லிட்டர் புது ஆயில் வைத்துக்கொள்ளுங்கள். ஏர் எடுக்கும் முன் டிரம்மில் ஷூ இடைவெளியைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் காற்று இல்லாமலே பெடல் தாழும். வரிசை: மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள பின் சக்கரத்தில் தொடங்கி, மிக அருகில் உள்ள முன் சக்கரத்தில் முடியுங்கள். முடிந்ததும் ஒருவர் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் டார்ச்சோடு கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காய்ந்த துணியால் தொட்டுப் பாருங்கள். துணியில் ஈரம் தெரிந்தால் அந்த ஜாயின்ட்டைக் கழற்றி காப்பர் வாஷரையும் ஃபிளேரையும் பாருங்கள். மேலும் மேலும் முடுக்காதீர்கள்.