குட்டி ரயிலுக்குக் கறுப்பா, சாம்பலா?

கேள்வி: மகளுக்கு 5 வயது, ரயில் என்றால் உயிர். அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்து வரும் என் அண்ணன் எச்.ஓ. அளவு (அசலில் 87-ல் ஒரு பங்கு) மாடல் ரயில் வாங்கி வருகிறார். பாச்மேன் கம்பெனியின் ஈ-இசட் டிராக்கில் (பிளாஸ்டிக் அடித்தளத்தோடு வரும் தண்டவாளத் துண்டுகள்) அடித்தளம் கறுப்பு, சாம்பல் என இரண்டு நிறத்தில் உண்டாம். கறுப்பு விலை குறைவாம். எதை வாங்கச் சொல்லட்டும்? தரையில் விரித்து விளையாடிவிட்டு, அன்றன்றே எடுத்து வைக்க வேண்டும்.
- ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: சாம்பலையே வாங்கச் சொல்லுங்கள். கறுப்பு அடித்தளத்தின் மேல் இருக்கும் தண்டவாளம் எஃகு. சாம்பலில் இருப்பது நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உண்மையில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. உங்கள் ஊர்க் கடற்காற்றுக்கு எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். இன்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் ஏறுகிறது, துரு இருக்கும் இடத்தில் திக்கித் திக்கி நின்றுவிடும். சந்தேகமாக இருந்தால் ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை தண்டவாளத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு.

18 அங்குல ஆரமுள்ள வளைவுத் துண்டு 12 இருந்தால் ஒரு முழு வட்டம். அதோடு 9 அங்குல நேர்த்துண்டு 4 சேர்த்தால் முட்டை வடிவப் பாதை. 5 அடிக்கு 3½ அடி இடம் போதும். பாயின்ட் (ரயிலை வேறு பாதைக்குத் திருப்பும் துண்டு) எதுவும் இப்போதைக்கு வேண்டாம். வேறு கம்பெனி டிராக்கையும் கலக்காதீர்கள், கொக்கி பொருந்தாது.

தினமும் பிரித்துச் சேர்ப்பதில்தான் டிராக் கெடும். ஒவ்வொரு முனையிலும் தண்டவாளத்தின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்னத் தகடு இருக்கும். தண்டவாளம் அதற்குள் நுழையாமல் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால் சக்கரம் அங்கேயே தடம் புரளும். இரண்டு துண்டையும் தரையில் தட்டையாக வைத்து, இணைப்புக்குப் பக்கத்தில் பிடித்து, நேராகத் தள்ளுங்கள். 'க்ளிக்' கேட்டதும் இணைப்பின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டினால் கழற்றி மறுபடி சேருங்கள். இந்த நகச் சோதனையை மகளிடமே விட்டுவிடலாம், ஆசையாகச் செய்வாள். கழற்றும்போது முறுக்கினால் தகடு வாய் பிளந்துவிடும்.

ஒரு வழி: வளைவுகளை மும்மூன்றாகவும், நேர்த்துண்டுகளை இரண்டிரண்டாகவும் சேர்த்தபடியே எடுத்து வையுங்கள். 16 இணைப்புக்குப் பதில் தினமும் 6 மட்டும் போட்டால் போதும். தூக்கும்போது மட்டும் இரண்டு கையும் வேண்டும்.

கார்ப்பெட்டில் போட வேண்டாம். நூலும் முடியும் அச்சில் சுற்றிக்கொள்ளும். டைல்ஸ் தரையைப் பெருக்கிவிட்டுப் போடுங்கள். அழுக்கேறினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் கீறல் விழும், அழுக்கு அதில் போய்த் தங்கும்.

அண்ணனிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது: அடாப்டரின் முதுகில் இன்புட் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வெறும் 120 வோல்ட் என்றிருந்தால் நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகியதும் புகைந்துவிடும். 100-240 என்றிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். 120 மட்டும்தான் என்றால், 230-ஐ 120-ஆகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்துவிட்டு அப்புறம் பெட்டியைப் பிரியுங்கள்.