வூஸ்டர், ஜான் மன்னர், ஏழடிப் படகுகள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இங்கிலாந்துப் பயணம் பற்றி எழுதியபோது வூஸ்டர் என்ற ஊரை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனீர்கள். அந்த வரி எனக்குள் நின்றுவிட்டது.

என் மகள் பர்மிங்காமில் வேலை பார்க்கிறாள். வரும் மே மாதம் நானும் மனைவியும் அங்கே போகிறோம். லண்டனுக்கு நான்கு நாள், ஸ்காட்லாந்துக்கு மூன்று நாள் என்று திட்டம் போட்டிருக்கிறாள். வூஸ்டருக்கு ஒரு நாள் கேட்டேன். “அங்கே ஒரு பெரிய சர்ச் இருக்குப்பா, ஒரு மணி நேரத்துல பார்த்துட்டு வந்துடலாம்” என்கிறாள்.

நாங்கள் கோயில் குளம் என்று போய்ப் பழகியவர்கள். தேவாலயத்தில் எதை, எப்படிப் பார்ப்பது என்று தெரியாத எங்களுக்கு அந்த இடம் ஏதாவது சொல்லுமா? அப்புறம், மருமகன் கால்வாய்ப் படகு ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார். ஆலப்புழை படகு வீடு மாதிரியா அது? ஓட்ட ஆள் இருப்பார்களா? எனக்கு 66 வயது. மனைவிக்கு முழங்கால் வலி உண்டு.

அன்புடன்,
கே., திருச்சி

அன்புள்ள கே.,

கட்டாயம் போங்கள். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். பர்மிங்காமிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஃபோர்கேட் ஸ்ட்ரீட் நிலையம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. கடைத்தெரு வழியாகத் தெற்கே நடந்தால், தெரு முடிகிற இடத்தில் இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் சிலை நிற்கும். பக்கத்துக் கிராமத்தில் 1857இல் பிறந்தவர். அந்தத் தெருவில்தான் அவருடைய அப்பா இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். சிலையைத் தாண்டி நிமிர்ந்தால் பேராலயம்.

ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று உங்கள் மகள் சொல்வது அந்தக் கட்டடத்தை மட்டும் கணக்கில் வைத்து. அதிலிருந்து பத்து நிமிட நடையில் கால்வாய் தொடங்குகிறது. பேராலயத்தை மட்டும் பார்த்துவிட்டு ரயிலேறுகிறவர்கள் பாதி ஊரைத்தான் பார்க்கிறார்கள். மறுபாதி தண்ணீர்ப் பக்கம் இருக்கிறது.

முதலில் பேராலயம். சமயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, மூன்று பேரைத் தெரிந்துகொண்டு போனால் போதும்.

முதலாமவர் வுல்ஃப்ஸ்டன். 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது இங்கே ஆயராக இருந்தவர். உள்ளூர் ஆயர்கள் பலரின் இடத்துக்கு நார்மன்கள் வந்தார்கள், இவர் மட்டும் கடைசிவரை பதவியில் இருந்தார். பிரிஸ்டல் துறைமுகத்திலிருந்து அயர்லாந்துக்கு மனிதர்களை அடிமைகளாக விற்றுக்கொண்டிருந்த வணிகத்தை எதிர்த்து அந்த ஊருக்கே போய்ப் பேசியவர். 1084இல் அவர் எழுப்பத் தொடங்கிய ஆலயத்தின் நிலவறை இன்றும் அப்படியே இருக்கிறது. படியிறங்கிப் போனால் தாழ்ந்த கூரை, நெருக்கமாகச் சிறுசிறு தூண்கள், கொஞ்சம் குளிர். உங்கள் மனைவியால் அந்தப் படிகளை மட்டும் இறங்க முடிந்தால் போதும், கோபுரத்தின் 235 படிகளை விட்டுவிடலாம்.

இரண்டாமவர் ஜான் மன்னர். மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த மேக்னா கார்ட்டா சாசனத்துக்கு 1215இல் முத்திரை வைத்துவிட்டு, சில வாரங்களிலேயே அதை மறுத்து, பிரபுக்களோடு போரில் இறங்கியவர். மறுவருடம் அக்டோபரில் நெவார்க்கில் இறந்தார். வுல்ஃப்ஸ்டன் மேல் அவருக்குப் பெரிய பக்தி. தன்னை அவருடைய ஆலயத்தில் புதைக்க வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்தார். அந்த உயில் இந்தப் பேராலய நூலகத்தில்தான் இருக்கிறது. பலிபீடத்துக்கு எதிரே அவருடைய கல்லறை; அதன் மேல் கருங்கல்போல மின்னும் பர்பெக் கல்லில் அவர் படுத்திருக்கும் சிலை, 1232ஐ ஒட்டிச் செய்தது.

அந்தச் சிலையைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பாருங்கள். தலையின் இருபுறமும் கையளவில் இரண்டு ஆயர்கள் சாம்பிராணி காட்டுகிறார்கள். ஒருவர் வுல்ஃப்ஸ்டன், மற்றவர் இங்கே அடங்கிய இன்னொரு புனிதரான ஆஸ்வல்டு. கையில் உருவிய வாள். அதன் நுனி கால்மாட்டில் கிடக்கும் சிங்கத்தின் வாயில் இருக்கிறது. சிங்கம் அதைக் கடித்துப் பிடித்திருக்கிறது. மன்னரின் அதிகாரத்தை மட்டுப்படுத்திய பிரபுக்களைத்தான் சிற்பி சொல்கிறான் என்பார்கள். அவன் மனதில் என்ன இருந்ததோ, எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது.

மூன்றாமவர் ஒரு பதினைந்து வயதுப் பையன். இளவரசர் ஆர்தர், எட்டாம் ஹென்றியின் அண்ணன். கல்யாணமாகி ஐந்தாம் மாதம், 1502இல், லட்லோவில் இறந்தான். உடலை இங்கே கொண்டுவந்தார்கள். ஜான் மன்னரின் காலடியிலிருந்து சில எட்டு வைத்தால் அவனுக்காகக் கட்டிய சிறு கல்மண்டபம், இழைத்து இழைத்துச் செதுக்கியது. அண்ணன் போனதால் தம்பி அரசனானான், அண்ணனின் விதவையான கேத்தரினை மணந்தான். பிறகு அந்த மணத்தை ரத்துசெய்யப் போப்பாண்டவர் சம்மதிக்கவில்லை என்று ரோமோடு உறவை முறித்தான். அதன் தொடர்ச்சியாக நாடெங்கும் மடங்கள் மூடப்பட்டன. இந்த ஆலயத்தின் மடமும் 1540இல் போயிற்று. வுல்ஃப்ஸ்டனின் சமாதியும் ஆஸ்வல்டின் சமாதியும் இடிக்கப்பட்டன. எந்தப் புனிதருக்கு அருகில் படுக்க வேண்டும் என்று ஜான் ஆசைப்பட்டாரோ, அவர் இப்போது அங்கே இல்லை. மண்டபத்துக்கும் கல்லறைக்கும் நடுவில் நின்று இதை நினைத்துப் பாருங்கள். அந்த நாட்டின் வரலாற்றுக்குப் பெரிய புத்தகம் தேவைப்படாது.

மாலையில் பாடகர் குழு பாடும் வழிபாடு இருந்தால் உட்காருங்கள். எந்த மதத்தவரும் உட்காரலாம், கட்டணம் கிடையாது. ஹியர்ஃபர்ட், கிளாஸ்டர் பேராலயங்களோடு சேர்ந்து முந்நூறு ஆண்டுகளாக இசைவிழா நடத்தும் இடம் இது. அந்தக் கூரைக்கு அடியில் குரல்கள் எழுவதைக் கேட்டபின் வெளியே வந்து பேச எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

பேராலயத்தின் பின்பக்கம், காலேஜ் கிரீன் புல்வெளியைக் கடந்து சரிவில் இறங்கினால் ஒரு பழைய வாசல் வழியாக செவர்ன் ஆற்றங்கரைக்கு வருவீர்கள். அந்த வாசல் சுவரில் வெள்ளம் ஏறிய மட்டங்களை வருடம் போட்டுக் குறித்திருக்கிறார்கள். 1947ஆம் ஆண்டுக் குறி ஆள் உயரத்துக்கும் மேலே. 1770 அதற்கும் மேலே. கரையோடு தெற்கே நடங்கள், டிக்லிஸ் வந்துவிடும். வூஸ்டர்-பர்மிங்காம் கால்வாய் ஆற்றைச் சேரும் இடம் அது.

இந்தக் கால்வாய்க்கு 1791இல் நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. வெட்டி முடிக்க 1815 ஆயிற்று. முப்பது மைல், 58 லாக்குகள் – கதவுகளுக்கு நடுவே தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் தொட்டிகள். பர்மிங்காம் மேட்டில் இருக்கிறது, செவர்ன் பள்ளத்தில். நானூறு அடிக்கு மேல் படகை ஏற்ற வேண்டும். மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக அதை வெட்டிய கூலிகளின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. ஜான் மன்னரின் உயிலைப் பத்திரப்படுத்திய அதே ஊர்தான்.

டிக்லிஸிலிருந்து கால்வாய்க் கரையோடு வடக்கே சற்று நடந்தால் சிட்பரி லாக். பக்கத்திலேயே கமாண்டரி என்ற பழைய மரச்சட்டக் கட்டடம். 1651 வூஸ்டர் போரில் அரசர் தரப்பின் தலைமையகம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லாக்கின் ஓரத்தில் ஒரு படகு வரும்வரை நில்லுங்கள்.

நான் நின்றபோது ஒரு வயதான தம்பதி வந்தார்கள். கணவர் பின்னால் சுக்கானைப் பிடித்திருந்தார். மனைவி விண்ட்லாஸ் என்ற வளைந்த இரும்புக் கைப்பிடியை இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டு கரையில் குதித்தார். படகின் அகலம் ஆறடி பத்தங்குலம், லாக்கின் அகலம் ஏழடி. இருபுறமும் ஒரு விரல் அகலம்தான் மீதி. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவுகளைச் சாத்தினார். மேல்பக்கம் போய் விண்ட்லாஸைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்ற, கீழே மதகுப் பலகை உயர்ந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது. பம்பு இல்லை, மோட்டார் இல்லை. மேலே இருக்கும் தண்ணீர் கீழே வருகிறது, படகு ஏறுகிறது, அவ்வளவுதான். உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றாகும்வரை கதவை யாராலும் அசைக்க முடியாது. ஒன்றானதும் அந்த அம்மா கதவின் நீண்ட உத்திரத்தில் இடுப்பைக் கொடுத்துப் பின்பக்கமாகச் சாய்ந்தார். தரையில் செங்கல்லை வளைவு வளைவாக மேடாகப் பதித்திருக்கிறார்கள், காலுக்குப் பிடிமானம். அவர் ஒவ்வொரு வரியாக மிதித்து நகர, கதவு திறந்தது. இருநூறு வருடமாக இதே வேலை, இதே முறையில்.

ஒவ்வொரு முறையும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அதனால் கால்வாய்க் கம்பெனிகளுக்குள் தண்ணீர்ச் சண்டை ஓயவில்லை. இந்தக் கால்வாய் பர்மிங்காமில் முடியும் இடத்தில், தங்கள் தண்ணீர் இதற்குள் போய்விடக் கூடாது என்று அங்கிருந்த கம்பெனி இரண்டுக்கும் நடுவில் ஏழடி அகலத்துக்கு ஒரு தடுப்பை வைத்தது. சரக்கு முழுவதையும் ஒரு படகிலிருந்து இறக்கி, அந்த ஏழடியைத் தாண்டி, அடுத்த படகில் ஏற்ற வேண்டியிருந்தது. 1815இல்தான் வழிவிட்டார்கள். அந்தத் தடுப்பு வூஸ்டர் பார் என்ற பெயரில் இன்றும் கேஸ் ஸ்ட்ரீட் பேசின் என்ற படகுத்துறையில் இருக்கிறது. மகள் வீட்டிலிருந்தே போய்ப் பார்க்கலாம்.

இப்போது உங்கள் கேள்வி. ஆலப்புழைபோல இருக்காது. ஓட்டுநர் இல்லை, சமையல்காரர் இல்லை. மணிக்கு நான்கு மைல்தான் வேகம், அதையும் நீங்களேதான் ஓட்ட வேண்டும். உரிமம் தேவையில்லை, வாடகைக்குத் தருகிறவர்களே சொல்லித்தருவார்கள். சுக்கானை வலப்பக்கம் தள்ளினால் முகப்பு இடப்பக்கம் திரும்பும். இது கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். லாக்கில் கீழே இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். மேல்கதவுக்கு அடியில் ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். படகின் பின்பகுதி அதன் மேல் நின்றுவிட்டால், தண்ணீர் வடியும்போது பின்னால் தொங்கி, முன்னால் மூழ்கிவிடும். லாக் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், படகின் பின்முனை அந்தக் கோட்டைத் தாண்டி முன்பக்கம் இருக்கும்படி நிறுத்த வேண்டும். மருமகனும் மகளும் கூட இருந்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். நீங்கள் இருவர் மட்டும் என்றால் வேண்டாம். ஈரக்கல்லில் ஏறி இறங்குவது முழங்கால் வலிக்கு ஆகாது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கரையில் கட்டியிருக்கும் படகுகளில் பல, வீடுகள். நிரந்தரக் கட்டுமிடம் இல்லாதவர்கள் ஓரிடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் இருக்கக் கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், கேட்காமல் படமெடுக்காதீர்கள். ரோஜாவும் கோட்டையும் வரைந்த அந்த அழகான கதவுகளுக்குப் பின்னால், பத்தடிகூட நீளமில்லாத அறையில் ஒரு குடும்பமே பிறந்து வளர்ந்து சமைத்துத் தூங்கிய காலம் இருந்தது. ரயிலோடு போட்டி போட முடியாமல் கூலி குறைந்தபோது பலர் குடும்பத்தைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. 1877இல்தான் இந்தக் குடியிருப்புகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது.

கடைசியாக டார்டபிக். இதே கால்வாயில், பர்மிங்காம் போகும் வழியில், இரண்டே கால் மைலுக்குள் முப்பது லாக்குகள் படிப்படியாக ஏறும் இடம். டாம் ரோல்ட் என்ற பொறியாளர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தன் படகு கிரெஸ்ஸியை அங்கே கட்டி வாழ்ந்தார். கால்வாய்கள் செத்துக்கொண்டிருந்த காலம். தன் படகு வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1944இல் வந்தது. அதை லண்டனில் படித்த ராபர்ட் ஐக்மன் என்ற வாசகர் அவருக்கு ஒரு கடிதம் போட்டார். 1945 கோடையில் டார்டபிக்கில் அந்தப் படகில் சந்தித்தார்கள். மறுவருடம் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தொடங்கியது. பின்னாளில் இருவரும் பிரிந்துவிட்டார்கள், ஆனால் சங்கம் நின்றது. மூடப்படவிருந்த கால்வாய்கள் பிழைத்ததிலும், மூடப்பட்டவை திரும்ப வந்ததிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வூஸ்டருக்குப் பக்கத்தில் ட்ராய்ட்விச் கால்வாய் 1939இல் கைவிடப்பட்டது, 2011இல் மீண்டும் படகுகள் ஓடின. அந்தச் சந்திப்புக்கு டார்டபிக்கில் நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். உங்களைப் போன்ற ஒருவர் எழுதிய கடிதத்தில்தான் அது தொடங்கியது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ப்ரோம்ஸ்குரோவ் ரயில் நிலையத்தில் இறங்கி, டாக்ஸியில் மேல் லாக்குக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து கீழ்நோக்கி முடிந்தவரை நடக்கலாம், சரிவு மென்மையானதுதான். படகு ஏதாவது வந்தால் உதவட்டுமா என்று கேளுங்கள். முப்பது லாக் ஏறி வருகிறவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். உத்திரத்தைக் கையால் தள்ளாதீர்கள், இடுப்பைக் கொடுத்துச் சாயுங்கள்.

மே மாதம் என்றாலும் மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊறுகாயும் கொண்டுபோவீர்கள் என்று நினைக்கிறேன். தீர்ந்துபோனால் கவலை வேண்டாம், வூஸ்டரில் 1837 முதல் விற்கும் அந்தப் புகழ்பெற்ற வூஸ்டர் சாஸில் புளியும் நெத்திலி வகை மீனும் உண்டு; நீங்கள் சைவமென்றால் மட்டும் பார்த்து வாங்குங்கள். மகளிடம் சொல்லி லண்டனில் ஒரு நாளைக் குறைத்துவிடுங்கள். வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்.